ஒரே மேஜை, மூன்று வகுப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக்கல்வி தொடங்கும் குடும்பங்களுக்கு

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். 2025இல் பெரியவள் கிரேடு 8, நடுவன் கிரேடு 4, கடைக்குட்டி கிரேடு ஆர், அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய வருடம். 2022 கடைசியில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து டர்பன் பக்கத்து வெருலத்துக்குக் குடிவந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, பெரியவளுக்கு ஆஸ்துமா, பக்கத்துப் பள்ளிகளில் இடமில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் 2023 ஜனவரியில் வீட்டிலேயே பாடம் ஆரம்பித்தோம். முதல் வருடம் நான் பட்ட பாட்டை இன்னொரு தாய் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தருவதைப் பற்றிப் பேச நிறையப் பேர் கிடைப்பார்கள். வெவ்வேறு வயதில் இரண்டு மூன்று பேரை ஒரே மேஜையில் உட்கார வைத்து, அரசாங்கத்துக்கும் கணக்குக் காட்டி, மதியம் சோறும் ஆக்கி வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: வீட்டுக்குள் மூன்று பள்ளிக்கூடம் நடத்தாதீர்கள். ஒரே வீடு, ஒரே நாள், அதற்குள் மூன்று பேருக்கும் இடம் வையுங்கள்.

1. எந்தப் பிள்ளைக்குப் பதிவு வேண்டும் என்று முதலில் பாருங்கள்

பள்ளிச் சட்டத்தைத் திருத்திய பேலா சட்டம் 2024 டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கிரேடு ஆர் இப்போது கட்டாயம். பிள்ளைக்கு ஆறு வயது நிறைகிற வருடத்தில் தொடங்கி, பதினைந்து வயது ஆகும் வருடம் அல்லது கிரேடு 9, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பள்ளிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கல்விக்குப் பதிவு செய்திருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் தக்க காரணமின்றிப் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் பெற்றோருக்கு அபராதமோ பன்னிரண்டு மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

"சின்னதுதானே, அடுத்த வருடம் பார்த்துக்கலாம்" என்று பலர் கடைசிப் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். முன்பு அது நடந்தது, இப்போது நடக்காது. மூத்த பிள்ளைக்கு வந்த ஒப்புதல் கடிதம் தம்பி தங்கைக்குச் செல்லாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம்.

பிள்ளை ஏற்கெனவே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை அங்கேயே படிக்கட்டும். அவசரப்பட்டு நிறுத்திவிட்டு அப்புறம் விண்ணப்பிக்காதீர்கள்.

2. காகிதம்: மெதுவாக வருவதை முதலில் கேளுங்கள், முத்திரையைக் கடைசியில் வாங்குங்கள்

விண்ணப்பம் மாகாணக் கல்வித் துறைக்கு. அதோடு வைக்கவேண்டியவை: பெற்றோரின் அடையாள அட்டையின் சான்றளித்த நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகல், முன்பு பள்ளியில் படித்திருந்தால் கடைசி ரிப்போர்ட், வாரக் கால அட்டவணை, வருடத்தின் 196 நாட்களை நான்கு பருவத்துக்கும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்ற பட்டியல், என்ன பாடம் எதை வைத்து நடத்தப்போகிறீர்கள் என்ற பாடத்திட்டம். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பம் என்றால் அடையாள அட்டைக்குப் பதில் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும். பிள்ளையின் விசாவில் படிக்க அனுமதி இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பிறப்புச் சான்றிதழ்கள் கையில் இருந்ததால் முதல் நாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு பிள்ளைகளின் பழைய பள்ளியிலிருந்து கடைசி ரிப்போர்ட் வரவே ஏழு வாரம் ஆனது. அது வந்து, விண்ணப்பம் அலுவலக மேஜைக்குப் போனபோது முத்திரைக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று முழுக் கட்டும் திரும்பி வந்தது. பெரும்பாலான அலுவலகங்கள் மூன்று மாதத்துக்குள் போட்ட முத்திரையைத்தான் கேட்கின்றன. அதனால் ரிப்போர்ட்டை இன்றே எழுத்தில் கேளுங்கள், பள்ளி நூலகப் புத்தகம், கட்டணப் பாக்கி ஏதாவது இருந்தால் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். அட்டவணை, பாடத்திட்டம் எல்லாம் தயாரான பிறகு கடைசி வாரத்தில் முத்திரை. போலீஸ் ஸ்டேஷனில் சான்றளிப்பதற்குக் காசு கிடையாது. அசலும் நகலும் இரண்டையும் எடுத்துப் போங்கள், திங்கட்கிழமை வேண்டாம், வரிசை நீளம்.

2013 மார்ச்சுக்கு முன் பிறந்த பிள்ளை என்றால் உங்களிடம் இருப்பது சுருக்கப் பிறப்புச் சான்றிதழாக இருக்கலாம், பெற்றோர் விவரம் முழுதாக இருக்காது. முழுச் சான்றிதழுக்கு ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் நான் 75 ரேண்ட் கட்டினேன். வர வாரக்கணக்கில் ஆகும், பழைய பதிவேட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்றால் இன்னும் இழுக்கும். எப்படியும் ஒருநாள் தேவைப்படுகிற காகிதம், இப்போதே போட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. "நாங்கள் பதிவு செய்து தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள், நீங்களே செய்யக்கூடிய வேலைதான். மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரு பிள்ளைக்கு ஒரு மின்னஞ்சல் என்று அனுப்புங்கள். மூன்று பேரின் காகிதத்தையும் ஒன்றாக இணைத்து அனுப்பியதில் நடுவனின் ரிப்போர்ட் பெரியவள் பெயரில் ஏறிவிட்டது, அதைச் சரிசெய்யத் தனியாக அலைந்தேன். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எங்களுக்குக் கடிதம் வர, இரண்டாவது முறை கொடுத்த நாளிலிருந்து பதினோரு வாரம். ஜனவரியில் தொடங்க நினைத்தால் முந்தைய வருடம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய வழி உண்டு.

இன்னொரு பொறி: பிள்ளையைக் காலை முதல் மதியம் வரை யாரோ நடத்தும் டியூஷன் சென்டரில் விட்டுவிட்டு வீட்டுக்கல்வி என்று பதிவு செய்வது. சட்டத்தின் பார்வையில் அது வீட்டுக்கல்வி அல்ல, அந்த இடம் தனியார் பள்ளியாகப் பதிவாகியிருக்கவேண்டும். பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

3. அட்டவணையை மூன்று தனித்தாளில் எழுதுங்கள், ஆனால் ஒன்றாகப் போடுங்கள்

காப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டத்தில் வாரத்துக்கு கிரேடு ஆர் முதல் 2 வரை 23 மணி நேரம், கிரேடு 3க்கு 25, கிரேடு 4இலிருந்து 27.5. இதை அப்படியே எடுத்து, இன்னும் கிரேடு ஆருக்கே வராத கடைக்குட்டியையும் சேர்த்து மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் என்று என் பெயரை எழுதினேன். கூட்டிப் பார்த்தால் நான் வாரம் எழுபது மணி நேரத்துக்கு மேல் பாடம் நடத்தவேண்டும். அதையும் முயன்றேன். ஐந்தாவது வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

அதைவிடக் கொடுமை நடுவன் விஷயம். அப்போது அவன் கிரேடு 2. பெரியவள் கேள்வி கேட்பாள், சின்னவள் அழுவாள், இவன் எதுவும் கேட்கமாட்டான், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பான். நல்ல பிள்ளை, தானாகப் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒன்பது நாளாக அதே பக்கம். 52இலிருந்து 38ஐக் கழிக்கவேண்டும். 26 என்று எழுதியிருக்கிறான், அழித்திருக்கிறான், மறுநாள் தேதி போட்டு மறுபடி 26. ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் காகிதம் மெலிந்து பின்பக்கத்துக் கோடு தெரிந்தது. எட்டிலிருந்து இரண்டைக் கழித்தால் ஆறு, ஐந்திலிருந்து மூன்றைக் கழித்தால் இரண்டு, பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பதுதானே கழித்தல் என்று அவன் நினைத்திருந்தான். தவறு என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை, என்னிடம் கேட்க நேரம் கிடைக்கவில்லை. லயன் தீப்பெட்டியை உடைத்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியபோது கால் மணி நேரத்தில் புரிந்துகொண்டான். கால் மணி நேரம்தான், அதை நான் ஒன்பது நாள் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் என் விதி: தினமும் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் இருபது நிமிடமாவது உட்காரவேண்டும், சத்தம் போடாத பிள்ளைக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம்.

இப்போது எங்கள் காலை இப்படிப் போகிறது. ஏழரைக்கு எல்லோரும் ஒன்றாக, முக்கால் மணி நேரம்: ஒரு குறள், ஐந்து சூலு வார்த்தை, நான் சத்தமாக வாசிக்கும் ஒரு கதை. பிறகு முதல் இருபது நிமிடம் கடைக்குட்டிக்கு. முதலில் நான் இதைக் கடைசியில் வைத்திருந்தேன், பெரியவர்களின் பாடம் முக்கியம் என்று. அம்மா கிடைக்காத குழந்தை காலை முழுக்க மடியில் ஏறிக்கொண்டே இருக்கும். முதலிலேயே அவள் வயிறு நிறைய நேரம் கொடுத்துவிட்டால் ஒன்பதரை வரை தனியாக விளையாடுவாள். அப்புறம் நடுவனுக்குக் கணக்கு, அரை மணி நேரம். அந்த நேரத்தில் பெரியவள் தானாகப் படிக்கவேண்டும், இடையில் கேள்வி வந்தால் துண்டுச் சீட்டில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டவேண்டும். பதினொன்றுக்கு நான் சீட்டுகளோடு அவளிடம் உட்காருவேன். முதல் வாரம் பதினாலு சீட்டு ஒட்டினாள். இப்போது மூன்று நாலுதான், பாதியை எழுதும்போதே தானாகக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஒரு மணிக்கு மேஜைப் படிப்பு முடிந்துவிடும். தோட்டம், நூலகம், வாசிப்பு, சமையல் அளவை எல்லாம் மதியம், அவையும் அட்டவணையில் பாட நேரம்தான்.

விண்ணப்பத்துக்கு ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தாள் வேண்டும். அதில் உண்மையில் செய்வதை எழுதுங்கள். எழுதிக் கொடுத்தது ஒன்று, ஃபைலில் இருப்பது வேறு என்றால் பின்னால் உங்களுக்குத்தான் சங்கடம். 196 நாளை நான் 50, 50, 49, 47 என்று பிரித்தேன். தைப்பூசக் காவடி, ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா, தீபாவளி மூன்றையும் முதலிலேயே விடுமுறையாகக் குறித்துவிட்டு மீதியைப் பிரியுங்கள், ஆயா (என் மாமியார்) வீட்டில் கூழ் காய்ச்சும் நாளில் யாரும் புத்தகத்தைத் தொடப்போவதில்லை.

4. ஒரே பாடத்தை மூன்று உயரத்தில் சொல்லுங்கள்

கணக்கும் மொழியும் தனித்தனிதான், அதில் குறுக்கு வழி இல்லை. அறிவியல், சமூகவியல், வாழ்க்கைத் திறன் எல்லாம் ஒன்றாகச் சொல்லலாம்.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறோம். சின்னவள் கத்தரிக்காயை எண்ணிப் பையில் போடுகிறாள். நடுவன் நூறு ரேண்ட் நோட்டைக் கொடுத்து மீதிச் சில்லறையைக் கடைக்காரருக்கு முன்னால் சொல்லவேண்டும். பெரியவளுக்கு வேலை வீட்டுக்கு வந்த பிறகு, சூப்பர் மார்க்கெட் பில்லோடு. இங்கே வாட் 15 சதவீதம், ஆனால் பிரவுன் பிரெட், அரிசி, மீலி மீல் என்ற சோள மாவு, முட்டை, பால், காய்கறி, பருப்புக்கு வரி இல்லை, வெள்ளை பிரெட்டுக்கு உண்டு. பில்லைப் பார்த்து எதற்கு வரி, எதற்கு இல்லை என்று பிரித்து எழுதவேண்டும். 46 ரேண்ட் விலையில் வரி எவ்வளவு என்று கேட்டால் முதலில் 46க்கு 15 சதவீதம் போட்டாள். விலைக்குள் வரி ஏற்கெனவே இருக்கிறது, 115இல் 15 பங்கு என்று புரிய வைக்க ஒரு வாரம் ஆனது. விடை 6 ரேண்ட் வந்தபோது அடுப்படிக்கு ஓடிவந்து சொன்னாள். கிரேடு 8 பொருளாதாரப் பாடத்துக்கும் கணக்குக்கும் அந்த ஒரு பில் போதும்.

டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1849இல் தொடங்கியது. அங்கே வுட் சைக்கட் என்ற மரம் நிற்கிறது. 1895இல் ஓங்கோயே காட்டில் கண்டுபிடித்த ஒரே மரத்திலிருந்து வந்தது, ஆண் மரம், உலகத்தில் இதுவரை பெண் மரம் கிடைக்கவில்லை. சின்னவள் அதை வரைந்து, இலையைப் பனை ஓலையோடு ஒப்பிட்டாள். நடுவன் ஆண் பூ, பெண் பூ என்றால் என்ன என்று கேட்டு எழுதினான். பெரியவள் விதையே இல்லாமல் இந்த மரம் எப்படி இத்தனை ஊருக்குப் போனது என்று தேடி, பக்கக் கன்றைப் பிரித்து நடும் முறையைப் படித்தாள். ஒரு பஸ் பயணம், மூன்று பேருக்கும் அறிவியல் பக்கம். நகர மண்டபக் கட்டடத்தில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் இலவசம், மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றாகச் சொல்லும்போது பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் பதிலைத் தானே சொல்லிவிடும். "நீ கடைசியில் சொல்" என்று ஒழுங்கு வையுங்கள், வயதில் சின்னவர் முதலில்.

மூத்த பிள்ளையைத் துணை ஆசிரியராக்குவதிலும் அளவு வேண்டும். எங்கள் பெரியவள் ஒருநாள், "அம்மா, தம்பியோட பாடம்தான் நான் படிக்கிறேன், என் பாடம் எப்போ?" என்று கேட்டாள். அன்றோடு வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம், அதுவும் அவள் விருப்பப்பட்டு வாசித்துக் காட்டுவது மட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

5. செலவு: முதல் மாதம் எதுவும் பெரிதாக வாங்காதீர்கள்

பெட்டிப் பெட்டியாக வரும் பாடத் தொகுப்புக்கு முதல் வருடம் பெரிய தொகை கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று அலமாரியில் வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கல்வித் துறையின் பயிற்சிப் புத்தகங்களைத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கலாம், காப்ஸ் ஆவணங்களும் அங்கேயே இருக்கின்றன. உயர் வகுப்புக் கணக்குக்கும் அறிவியலுக்கும் சியாவுலா புத்தகங்கள் இலவசம். நகராட்சி நூலக அட்டையை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எடுங்கள்.

காசு போவது அச்சில்தான். முதல் பருவத்தில் இங்க் வாங்கியே எனக்கு 1,400 ரேண்டுக்கு மேல் போயிற்று. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: ஒரு முறை அச்சடித்த பக்கத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மேலே ஒயிட்போர்டு பேனாவால் எழுதவைப்பது. துடைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு அதே பக்கம். ஆனால் துடைக்கும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வருடக் கடைசியில் காட்ட ஒன்றும் இருக்காது. நடுவனின் ஒரு மாத வேலை அப்படித்தான் அழிந்துபோனது.

மின்வெட்டு 2023இல் எங்களைப் படாதபாடு படுத்தியது. இப்போது குறைந்திருக்கிறது. இருந்தாலும் இணையத்தை மட்டும் நம்பிய பாடத்திட்டம் வேண்டாம், ஒவ்வொரு பாடத்துக்கும் கையில் ஒரு காகிதப் புத்தகம் இருக்கட்டும்.

6. மொழி: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

வீட்டில் ஆங்கிலத்தில் பாடம் நடந்தால் ஆங்கிலம் வீட்டுமொழிப் பாடம், கூடவே ஆஃப்ரிகான்ஸோ சூலுவோ முதல் கூடுதல் மொழி. நமக்கே தெரியாத மொழி என்பதால் எல்லோரும் தள்ளிப்போடும் பாடம் இதுதான். கிரேடு 12 முடிவில் எழுதும் மெட்ரிக்கில் இரண்டு அதிகாரபூர்வ மொழிகள் கட்டாயம். கிரேடு 9 வரை சும்மா விட்டுவிட்டு கிரேடு 10இல் தொடங்கினால் எழவே முடியாது. நாங்கள் சூலுவை எடுத்தோம். பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வாரம் இரண்டு நாள் வருகிறார், மூன்று பேருக்கும் சேர்த்து மணிக்கு 150 ரேண்ட். நாக்கைச் சொடுக்கும் க்யூ, எக்ஸ் ஒலிகளைச் சின்னவள்தான் முதலில் பிடித்தாள்.

தமிழ் பற்றியும் சொல்லவேண்டும். மெட்ரிக் பாடப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, கூடுதல் மொழியாக எடுக்கலாம், ஆனால் மேலே சொன்ன இரண்டுக்குப் பதிலாக அல்ல. எங்கள் வீட்டில் தமிழ்தான் மூன்று பேரும் ஒரே வகுப்பில் இருக்கும் பாடம், ஏனென்றால் மூன்று பேருமே அ, ஆவில் தொடங்கினார்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், அவர்கள் அப்பா இங்கேயே நாலு தலைமுறை, வீட்டில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. என் மாமியாருக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படித்தவர், தமிழ் எழுத்துத் தெரியாது. பிள்ளைகளோடு அவரும் மேஜையில் உட்கார்ந்தார். எழுபத்தோரு வயதில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி "தோடுடைய செவியன்" என்று அவர் வாசித்த நாளில் பாட்டு அவருக்கு முன்பே தெரியும் என்றாலும் விரலை எழுத்தின் மேலிருந்து எடுக்கவே இல்லை. கடைக்குட்டி, "ஆயா, அடுத்தது 'ய', நீங்க வேகமாப் போறீங்க" என்று திருத்தினாள். ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசம், முதல் நிலைக் கதைகளைத் தினமும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், வயது வித்தியாசம் அங்கே தெரியாது.

7. ஃபைல்: வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல். உள்ளே வருகைப் பதிவு, செய்த வேலைகளின் மாதிரி, தேர்வுத் தாள்கள், முன்னேற்றக் குறிப்பு, பிள்ளைக்குத் தடுமாற்றம் இருந்த இடத்தில் என்ன உதவி செய்தீர்கள் என்ற குறிப்பு. நடுவனின் தீக்குச்சிக் கழித்தலை அந்தக் கடைசிப் பகுதியில் எழுதி வைத்தேன், பின்னால் மதிப்பீடு செய்தவர் அதைத்தான் அதிக நேரம் படித்தார்.

எல்லாத் தாளையும் வைக்கவேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு ஒரு தாள், தேதியோடு. சுமாரான வேலையும் இருக்கட்டும். பிப்ரவரித் தாளும் அக்டோபர்த் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வளர்ச்சி தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளே துளைபோட்டுச் செருகுவார்கள். இதை வருடக் கடைசிக்குத் தள்ளினால், டிசம்பர் வெயிலில் தேதியில்லாத முந்நூறு தாளைத் தரையில் பரப்பி எது யாருடையது என்று தேடவேண்டியிருக்கும். நான் தேடினேன், இரண்டு நாள்.

8. மதிப்பீட்டாளரைச் செப்டம்பரிலேயே பிடியுங்கள்

கிரேடு 3, 6, 9 முடிவில் தகுதியான மதிப்பீட்டாளர் பிள்ளையைச் சோதித்து அறிக்கை தரவேண்டும், அதைத் துறைக்குக் கொடுக்கவேண்டும். ஆசிரியர்களைப் பதிவு செய்யும் சேஸ் அமைப்பில் பதிவு பெற்ற ஆசிரியராக இருந்தால் நல்லது, பதிவுச் சான்றின் நகலை அறிக்கையோடு இணைத்து வாங்குங்கள். எங்களுக்கு 2023இல் பெரியவளின் கிரேடு 6, 2024இல் நடுவனின் கிரேடு 3 என்று அடுத்தடுத்து வந்தது. பிள்ளைகளின் வருடங்களை இப்போதே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், எந்த வருடம் யாருக்கு வருகிறது, இரண்டு பேருக்குச் சேர்ந்து வருகிறதா என்று. நவம்பரில் ஆசிரியர்கள் தங்கள் பள்ளித் தேர்வு, ரிப்போர்ட் வேலையில் மூழ்கியிருப்பார்கள், கெஞ்சினாலும் கிடைக்கமாட்டார்கள். நான் கொடுத்தது ஒரு பிள்ளைக்கு 900 ரேண்ட்.

9. கிரேடு 9இல் இருக்கும்போதே கிரேடு 10ஐ முடிவு செய்யுங்கள்

கிரேடு 9க்கு மேல் வீட்டுக்கல்விப் பதிவு தேவையில்லை, ஆனால் மெட்ரிக் எழுத வழி வேண்டும். தேசிய மேனிலைச் சான்றிதழ் என்றால் சாக்காய் அல்லது ஐஇபி தேர்வு வாரியத்தோடு சேர்ந்த ஒரு தொலைக்கல்வி நிறுவனத்தில் சேரவேண்டும். இது கிரேடு 10, 11, 12 மூன்று வருடப் படிப்பு, பெரும்பாலான பாடங்களில் வருடம் முழுக்கச் செய்யும் வேலைக்கு 25 சதவீதமும் கடைசித் தேர்வுக்கு 75 சதவீதமும். கிரேடு 12க்கு நேராகக் குதிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம்பிரிட்ஜ் வேறு வழி, ஒவ்வொரு பாடத் தேர்வுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டவேண்டும், மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

கணக்கா, அன்றாட வாழ்க்கைக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் கணித எழுத்தறிவா என்பதும் கிரேடு 10 தொடக்கத்திலேயே வரும் கேள்வி. சுலபம் என்று கணித எழுத்தறிவை எடுத்துவிட்டால் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளின் கதவு அங்கேயே மூடிவிடும்.

10. அம்மாவுக்கு முடியாத நாளுக்கு ஒரு பெட்டி

பள்ளியில் ஒரு ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் வருவார். வீட்டில் யாரும் வரமாட்டார்கள். அந்த ஐந்தாவது வாரக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு பெட்டி தயார் செய்தேன், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெரியவளுக்குச் சொந்தமாகப் படித்து எழுத மூன்று நாள் வேலை, நடுவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டைகளும் தீக்குச்சிக் கட்டுகளும் ஒரு கதைப் புத்தகமும், சின்னவளுக்குக் கத்தரி, பசை, பழைய விளம்பரத்தாள், எழுத்துப் பயிற்சிப் பக்கம். மேலே ஆயாவின் போன் எண், பெரியவளின் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, மதியத்துக்கு என்ன சூடு பண்ணவேண்டும் என்பது. பருவத்துக்கு ஒருமுறை, விடுமுறையின் கடைசி நாளில், உள்ளே இருக்கும் வேலையை மாற்றிவிடுகிறேன், பிள்ளைகள் அதற்குள் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.